முன்னாள் சிப்பாய்க்கு நாம் பட்ட கடன் எத்தனை வெள்ளி?

கேள்வி, 30 ஜூலை

எங்கள் கொண்டோ ஜாகா, அதாவது அடுக்குமாடிக் காவலாளி, 13 வருஷம் ஆர்மியில் இருந்தவராம். நாளைக்கு ஹரி பஹ்லாவான், மலேசியாவின் வீரர் தினம், என்பதால் வாட்ஸ்அப் குழுவில் "நன்றி அங்கிள்" போஸ்டர் அடிக்க ஆளுக்கு 2 வெள்ளி வசூல் நடக்கிறது. எனக்கு இது புரியவில்லை. சம்பளம் வாங்கித்தானே வேலை பார்த்தார்? டீச்சரும் நர்ஸும் நாட்டுக்கு உழைக்கவில்லையா? இவருக்கு மட்டும் எதற்குத் தனி நன்றி? பென்சனும் வருமே.

பதில், 30 ஜூலை, இரவு

கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் தப்பு. 13 வருஷத்துக்குப் பென்சன் கிடையாது. அதிகாரி அல்லாத மற்ற பதவிக்காரர்கள், மலாயில் லைன்-லைன் பங்காட் என்பார்கள், குறைந்தது 21 வருஷம் முடிக்க வேண்டும். 18 வயதில் சேர்ந்தவர் 39 வரை தாக்குப்பிடிக்க வேண்டும் என்று அர்த்தம். 13ல் வெளியே வந்தவருக்கு வயது 31. அவருக்குக் கிடைத்தது தாபோங் ஆங்காத்தான் தெந்தரா எனும் படைவீரர் சேமிப்பு நிதி, அதாவது எல்டாட் பணம். சிப்பாய் மாதச் சம்பளத்தில் 10% போடுவார், அரசாங்கம் 15% போடும். பென்சன்காரருக்கு அவர் போட்ட பங்கும் டிவிடெண்டும்தான் கைக்கு வரும். அரசாங்கப் பங்கு பென்சன் நிதிக்குப் போய்விடும். பென்சன் இல்லாதவருக்கு இரண்டு பங்கும் மொத்தமாக வரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வருவது 31 வயதில், ஒரே செக்காக. கல்யாணம், கார் முன்பணம், அம்மாவின் வீட்டுக் கூரை. அதே நேரம் அவருடைய ஈபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) கணக்கில் பூஜ்யம், ஏனென்றால் அந்த 13 வருஷமும் அவர் ஈபிஎஃப் பக்கமே போகவில்லை. பள்ளிக்கூட நண்பனுக்கு அங்கே 13 வருஷச் சேமிப்பு ஏறியிருக்கும். கொண்டோ கேட்டில் 60 வயதிலும் நிற்கிறார் என்றால் காரணம் பெரும்பாலும் இந்த இடைவெளிதான்.

31 ஜூலை, காலை

"சம்பளம் வாங்கித்தானே" என்ற கேள்வி நியாயமானது. பலர் கோபப்படுவார்கள், கோபப்பட ஒன்றுமில்லை.

டீச்சர் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வேலையை விடலாம். நர்ஸ் யூனியனில் சேரலாம். சிப்பாய் 1972ஆம் ஆண்டு ஆயுதப்படைச் சட்டத்தின் கீழ் இருக்கிறார். உத்தரவை மறுப்பது குற்றம், இடத்தைவிட்டுப் போவது குற்றம், யூனியன் கிடையாது. "இந்தக் காட்டுக்குள் போக மாட்டேன், ராஜினாமா" என்று சொல்ல வழியில்லை. சம்பளம் நேரத்தை வாங்குகிறது. மறுக்கும் உரிமையை அவர் கையெழுத்துப் போட்டு விட்டுக்கொடுத்தார், அதற்குச் சம்பளச் சீட்டில் தனி வரி இல்லை. கடன் என்று ஒன்று இருந்தால் அங்கேதான் இருக்கிறது.

தமிழில் செஞ்சோற்றுக்கடன் என்று ஒரு சொல் இருக்கிறது. சோறு போட்டவனுக்கு வீரன் பட்ட கடன். அவர் தன் பக்கத்தை 13 வருஷத்தில் தீர்த்துவிட்டார். எதிர்ப்பக்கக் கணக்கை எழுத நம்மிடம் சொல்லே இல்லை பாருங்கள்.

31 ஜூலை, மதியம்

"ஹரி பஹ்லாவான் மெர்டேக்காவுக்கு (சுதந்திர தினத்துக்கு) முந்தைய மாதம் என்பதால் வைத்தார்களா?" இல்லை. கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக 1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் முடிந்ததாக அறிவித்த நாள் 31 ஜூலை 1960. அதன் நினைவு.

1 ஆகஸ்ட்

போஸ்டரில் "தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ்" என்று போடப்போகிறார்களாம். அது அமெரிக்கப் பழக்கம். அங்கே 1973ல் கட்டாய ஆள்சேர்ப்பை நிறுத்தினார்கள். அதன்பின் ராணுவத்துக்கு ஆள் போகாத வீடுகள் பெருகின. போகாதவர்கள் போனவர்களிடம் சொல்ல ஒரு வாக்கியம் தேவைப்பட்டது. என் கணிப்பு, அந்த வாக்கியம் சொல்பவரின் கூச்சத்தைத்தான் முதலில் தீர்க்கிறது. வாங்கிக்கொள்பவர் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தலையாட்டுகிறார்.

நன்றி என்ற சொல்லே பழைய தமிழில் செய்த நன்மையைக் குறிக்கும். செய்ந்நன்றி என்றால் செய்யப்பட்ட நல்லது. அதை வாயால் சொல்லும் வார்த்தையாக நாம்தான் சுருக்கிவிட்டோம்.

3 ஆகஸ்ட்

சரி, கொண்டோ கணக்கு. பலரும் கேட்டது இதைத்தான்.

குறைந்தபட்ச சம்பளம் 1,700 வெள்ளி. 26ஆல் வகுத்தால் ஒரு நாள் 65.38. 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம் 8.17. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, 12.26. ஜாகா ஷிப்ட் 12 மணி நேரம், அதாவது தினம் 4 மணி ஓவர்டைம், 49.04. 26 நாளுக்கு 1,275. மொத்தம் 2,975. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணியைத் தாண்டக்கூடாது என்று விதி. நான்கு பெருக்கல் இருபத்தாறு சரியாக 104. கம்பெனிகள் 12 மணி ஷிப்டை ஏன் இவ்வளவு விரும்புகின்றன என்று இப்போது தெரியும்.

உங்கள் ஜாகாவின் சீட்டில் இந்தத் தொகை இருக்கிறதா என்று பாருங்கள். "அடிப்படை 1,700, அலவன்ஸ் 400" என்று மொத்தமாக மட்டும் இருந்தால் யாரோ கூட்டலைச் செய்யவில்லை.

4 ஆகஸ்ட்

மேலே போட்ட கணக்கில் பிழை. ஒருவர் தனிச்செய்தியில் பிடித்துவிட்டார், அவர் சொல்வதுதான் சரி.

2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம், முன்பு 48. ஆறு நாள் வேலை என்றால் ஒரு நாளுக்கு 7.5. ஆகவே 65.38ஐ 7.5ஆல் வகுக்க வேண்டும், 8.72. ஓவர்டைம் 13.08. 12 மணி ஷிப்டில் ஓவர்டைம் 4 இல்லை, 4.5. தினம் 58.84. 26 நாளுக்கு 1,530. மொத்தம் 3,230.

இன்னொன்றும் உடைகிறது. 4.5 பெருக்கல் 26 என்றால் 117. வரம்பு 104. சட்டப்படி பார்த்தால் 23 ஷிப்டோடு நிறுத்த வேண்டும். பழைய 48 மணிக் கணக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கும் கம்பெனி மாதம் 255 வெள்ளியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, தெரிந்தோ தெரியாமலோ.

4 ஆகஸ்ட், சற்று நேரம் கழித்து

"சாப்பாட்டு நேரம் ஒரு மணியைக் கழிக்கலாமே?" கழிக்கலாம், அந்த ஒரு மணியில் அவர் கேட்டை விட்டுப் போக முடிந்தால். பூம் கேட் பட்டனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டெலிவரி ரைடர் வரும்போதெல்லாம் கை கழுவி எழுந்து நாசி லெமாக் சாப்பிடுவது இடைவேளையில் சேராது. மாற்று ஆள் வந்து நின்றால்தான் இடைவேளை.

5 ஆகஸ்ட்

இப்போது இதை நிர்வாகக் குழு பார்க்கும் பக்கத்திலிருந்து திருப்பிப் போடுகிறேன். 24 மணி நேரக் காவல் போஸ்ட் ஒன்றுக்கு 30 நாளில் 60 ஷிப்ட். ஒரு ஷிப்டுக்கு 124.22 சம்பளம். அதன்மேல், 60 வயதுக்குட்பட்டவர் என்றால், முதலாளியின் ஈபிஎஃப் 13%, அது அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும், ஓவர்டைமுக்குக் கிடையாது, ஒரு நாளுக்கு 8.50. 60 ஷிப்டுக்கு ஏறக்குறைய 7,960 வெள்ளி. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), சீருடை, லீவு மாற்று ஆள், பொது விடுமுறை, கம்பெனி லாபம், சேவை வரி எதுவும் இன்னும் சேரவில்லை. உண்மையிலேயே ஒரு மணி இடைவேளை கொடுத்தால் 7,180க்கு இறங்கும்.

ஆகவே ஒரு போஸ்ட் 6,500 என்று கொட்டேஷன் வந்தால் அது மலிவு அல்ல. ஏறக்குறைய 1,500 வெள்ளி யாருடைய சட்டைப்பையிலிருந்தோ வருகிறது. 300 வீடு உள்ள கட்டடத்தில் அந்த 1,500ஐப் பிரித்தால் வீட்டுக்கு மாதம் 5 வெள்ளி. ஒரு தே தாரிக், ஒரு ரொட்டி சானாய். போஸ்டருக்கு 2 வெள்ளி வசூலித்த அதே குழு இதைப் பேசலாம்.

குழுவில் இதை எழுப்பும்போது "ஜாகா புகார் சொன்னார்" என்று மட்டும் வந்துவிடக்கூடாது. அடுத்த வாரமே அவரை வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். கொட்டேஷனைத் தலைகீழாக வகுத்துக் காட்டுங்கள், அவர் பெயரே வேண்டாம். கான்ட்ராக்டில் "சம்பளச் சீட்டு நகல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெயர் மறைத்து" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

6 ஆகஸ்ட்

"நம்ம ஆளுங்க ஆர்மிக்கே போறதில்லையே, அப்புறம் நமக்கென்ன?"

இரண்டு விஷயம். மலாய் ரெஜிமென்ட், 1933ல் போர்ட் டிக்சனில் தொடங்கியது, மலாய்க்காரர்களுக்கு மட்டும். நம் தமிழர்கள் போனது ரெஞ்சர் காலாட்படை, ஆர்மர் (கவசப்படை), செம்போயான் (தொலைத்தொடர்பு), ஜுருத்தெரா (பொறியாளர்), மருத்துவம், பிறகு கடற்படை, விமானப்படை. அதனால் "ஆர்மி" என்று சொன்னதும் மனதில் வரும் படத்தில் அவர்கள் இருப்பதில்லை. அடுத்தது, 1967ல் கடற்படைக்குத் தலைமை ஏற்ற முதல் மலேசியர் கே. தனபாலசிங்கம். அப்போது அவருக்கு 31 வயது. நம் ஜாகா வெளியே வந்த அதே வயது. இது தற்செயல்தான், ஒப்பீடு செய்யவில்லை.

7 ஆகஸ்ட்

ஐ.என்.ஏ.வையும் (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) அதன் பெண்கள் பிரிவான ராணி ஜான்சி படையையும் ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர். மலாயாத் தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி தூக்கியது உண்மை. ஜானகி ஆதி நாகப்பன் அந்தப் படையில் இரண்டாம் நிலைத் தலைமையில் இருந்தார், பிறகு மஇகா கட்சியின் தொடக்க காலத்திலும் இருந்தார். ஆனால் அவர்கள் வேறு கொடியின் கீழ் நின்றவர்கள். அந்தக் கடனை இந்தியா 1972ல் கொண்டுவந்த விடுதலை வீரர் பென்சன் வழியாக ஒப்புக்கொண்டது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் போட்ட சயாம் மரண ரயில் இன்னும் வேறு. 415 கிலோமீட்டர். அங்கே செத்த தோட்டத்துத் தமிழர்களுக்கு ரேங்க் இல்லை, சர்வீஸ் நம்பர் இல்லை. போர்க் கைதிகளுக்கு வரிசையாகக் கல்லறை இருக்கிறது, இவர்களுக்கு இல்லை. இது தனி இழைக்கான விஷயம், இங்கே நுழைத்தால் ஜாகாவை மறந்துவிடுவோம்.

9 ஆகஸ்ட்

கோவில் விஷயம். "முன்னாள் வீரர்களைக் கௌரவிக்க கோவிலில் மாலை போடப்போகிறோம், வேறு என்ன செய்யலாம்?" என்று ஒரு நிர்வாகக் குழுக்காரர் கேட்டார். பினாங்கு.

மாலையை விடுங்கள், காலணி ஸ்டாண்டைப் பாருங்கள்.

இரண்டாம் அவசரகாலத்தில், 1968 முதல் 1989 வரை, கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் காட்டுப் பாதைகளில் கண்ணிவெடி வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் அந்தத் தலைமுறையில் இருக்கிறார்கள். செயற்கைக் கால் பொருத்தும்போது பாதத்தின் கோணத்தை அவர் போடும் ஷூவின் குதிகால் உயரத்துக்கு ஏற்ப வைப்பார்கள், வழக்கமாக ஒரு சென்டிமீட்டர் அளவு. ஷூவைக் கழற்றியதும் குதிகால் அந்த ஒரு சென்டிமீட்டர் கீழே போகிறது. கீழ்க்கால் தண்டு பின்னால் சாய்கிறது, முழங்கால் பின்பக்கமாகத் தள்ளப்படுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கொஞ்சம் விறைப்பாக நிற்பதுபோல் தெரியும், அவ்வளவுதான். அர்ச்சனை முடியும்வரை அப்படி நின்றால் முழங்கால் மூட்டு பதில் சொல்லும். அதோடு செயற்கைப் பாதத்தின் ரப்பர் தோல் ஈரத்தில் பிடிக்காது. அபிஷேகப் பால் வழிந்த டைல்ஸில் எண்ணெயும் சேர்ந்தால் அவ்வளவுதான், நல்ல கால்காரனே வழுக்குவான்.

தீர்வு மலிவு. கோவிலுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் சுத்தமான கேன்வாஸ் ஷூ, தெருவை மிதிக்காதது. அதை அனுமதியுங்கள். அது மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு சென்டிமீட்டர் இவிஏ (நுரை ரப்பர்) ஆப்பைக் குதிகாலுக்கு அடியில் வைத்து மேலே காலுறை, காலுறையின் அடியில் பிடிப்புப் புள்ளிகள் உள்ளது. ஆப்பு சரிந்துவிடாமல் இரட்டைப்பக்க டேப். மண்டபத்தில் கைப்பிடி உள்ள நாற்காலி இரண்டு, கைப்பிடி இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி எழுந்திருக்க உதவாது.

9 ஆகஸ்ட், இரவு

"சாமி குத்தம் ஆகாதா?" அந்தப் பாதமே ரப்பர்தான். ரப்பருக்கு மேல் ரப்பர்.

10 ஆகஸ்ட்

படிக்கட்டு பற்றி. பத்துமலை 272 படி, தண்ணீர்மலை 513. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். உதவி செய்கிறேன் என்று அவர் கையைப் பிடித்து மேலே இழுக்காதீர்கள், சமநிலை போய்விடும். இறங்கும்போது ஒரு படி கீழே, பக்கவாட்டில் நில்லுங்கள், உங்கள் தோளை அவர் பிடித்துக்கொள்ளட்டும்.

நாள் முழுக்க நடந்தால் துண்டுக்கால் சுருங்கும், அது நுழையும் சாக்கெட் லொடலொடக்கும். கூடுதல் காலுறை ஒன்று போட்டுக்கொள்ள அவருக்கு மறைவிடம் வேண்டும். நிர்வாகக் குழு யோசிக்க வேண்டியது இதுவும்.

12 ஆகஸ்ட்

"எங்க ஜாகா கூப்பிட்டா திரும்பறதில்ல, திமிர்" என்று ஒரு பதிவு. திமிராகவும் இருக்கலாம். துப்பாக்கிச் சத்தம் முதலில் தின்பது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில். கீழ் ஸ்தாயி அப்படியே இருக்கும். அதனால் "ஆ, ஓ" கேட்கும். ச, ஸ, ஃப விழுந்துவிடும். "சார், பார்சல்" என்பது அவருக்கு "ஆ, பா...அ" என்று வரும். கத்தினால் உயிரெழுத்துதான் பெரிதாகும், மெய்யெழுத்து வராது. முன்னால் வந்து, முகம் தெரிய, மெதுவாகப் பேசினால் போதும். கார்ட் போஸ்ட் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மாஸ்க் போட்டுக்கொண்டு கேட்காதீர்கள்.

15 ஆகஸ்ட்

நடுகல்லைப் பற்றி ஒருவர் நன்றாக எழுதியிருந்தார், படித்தேன். பழந்தமிழ் இலக்கணம் அதற்கு ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேர்ந்து, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையல் போட்டு, அதன்பிறகுதான் வாழ்த்து. நாம் ஆறாவதிலிருந்து தொடங்குகிறோம்.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது கல்வெட்டுகளில் வரும் உதிரப்பட்டி. செத்த வீரனின் குடும்பத்துக்கு விட்ட நிலம். கல் ஒருபக்கம், பட்டி ஒருபக்கம். நம் துகு நெகாரா, தேசிய வீரர் நினைவுச்சின்னம், அந்தக் கல். பட்டி எங்கே என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

18 ஆகஸ்ட்

பட்டி என்றதும் விதவைப் பென்சன். இது பென்சன்காரர் வீடுகளுக்கு. கணவர் இறந்ததும் மனைவிக்கு வருவது பென்சன் தெர்பித்தான். இதில் நம் வீடுகளில் அடிக்கடி இடறுவது ஒரே இடம், திருமணப் பதிவு. கோவிலில் தாலி கட்டி, ஆல்பம் போட்டு, பதிவுக்குப் போகாமல் விட்ட கல்யாணங்கள். 1 மார்ச் 1982க்கு முன் சம்பிரதாயப்படி நடந்தது என்றால் சட்டம் அதை ஏற்கிறது, ஆனால் நடந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அதற்குப் பின் என்றால் பதிவு இருந்தே ஆக வேண்டும். புருஷன் உயிரோடு இருக்கும்போது இருவரும் சேர்ந்து தேசியப் பதிவிலாகாவுக்குப் போனால் தீரும் வேலை. அவர் போன பிறகு கோவில் ரசீது, கல்யாணப் பத்திரிகை, சாட்சி, சத்தியப் பிரமாணம் என்று அலைய வேண்டும்.

ஐசியில் (அடையாள அட்டையில்) அவர் பெயர் ஒரு எழுத்தும், ராணுவ ஆவணத்தில் இன்னொரு எழுத்துமாக இருப்பது அடுத்த இடறல். பெயர் முன், அப்பா பெயர் பின் என்பதை அன்று எழுதிய கிளார்க் மாற்றிப் போட்டிருப்பார். இப்போதே திருத்துங்கள். சர்வீஸ் நம்பரை மனைவி, பிள்ளை இருவரின் போனிலும் ஏற்றிவையுங்கள்.

படிவம் நிரப்பத் தெரிந்தவர் பக்கத்து வீட்டில் இருந்தால், ஒரு சனிக்கிழமை மதியம் இதற்குப் போதும்.

19 ஆகஸ்ட்

13 வருஷக்காரருக்கும் பதிவு உண்டா? உண்டு. 2012ஆம் ஆண்டு வெட்டரன் சட்டம் இருக்கிறது, முன்னாள் படைவீரர் விவகாரத் துறை, ஜேஎச்இவி, பதிவு செய்கிறது. பென்சன் இல்லாதவர்களுக்கு வாழ்க்கைச் செலவு உதவி, மருத்துவ உபகரண உதவி எல்லாம் பதிவு இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். தொகையும் தகுதியும் மாறிக்கொண்டே இருக்கும், துறையிடமே கேளுங்கள், இந்த இழையைக் காட்டாதீர்கள்.

22 ஆகஸ்ட்

தனிச்செய்தியில் ஒரு ஜாகாவுக்கு ஐ-சாரான், அதாவது ஈபிஎஃப்பின் தன்னார்வச் சேமிப்பு, போடச் சொல்லியிருந்தேன். அது சொந்தத்தொழில்காரருக்கு. ஜாகாவாகக் கம்பெனிச் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளியே ஈபிஎஃப் கட்ட வேண்டும். கிராப் டாக்சி ஓட்டிப் பிழைக்கும் முன்னாள் வீரர்களுக்கானதை ஆள் மாறி அவருக்குச் சொல்லிவிட்டேன். கிராப்தான் முழுநேரம் என்றால், 2025 விதிப்படி, வருஷத்தில் 2,500 வெள்ளி தானாகப் போட்டால் அரசாங்கம் 20%, அதாவது 500 சேர்த்தது.

இதைவிடப் பெரிய வருமானம் சர்டிபிகேட்டில் இருக்கிறது. படையில் 13 வருஷம் எஞ்சின் பிரித்தவருக்கு வெளியே "அனுபவம் இல்லை" என்கிறார்கள், காகிதம் இல்லாததால். திறன் மேம்பாட்டுத் துறையில் பிபிடி என்று ஒரு வழி உண்டு. முன்பே கற்ற திறனை ஆதாரத்தோடு காட்டி, வகுப்புக்குப் போகாமல் எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் வாங்கலாம். தடங்கல் போர்ட்ஃபோலியோ. செய்த வேலையை எழுத்தில் கோக்க வேண்டும், அதில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள். மலாயில் எழுதத் தெரிந்த கல்லூரிப் பிள்ளை ஒன்று உட்கார்ந்தால் அது நகரும்.

31 ஆகஸ்ட்

கேள்வி கேட்டவருக்கு. போஸ்டர் ஒட்டியாகிவிட்டது என்று படம் போட்டிருந்தீர்கள். படத்தில் அவர் கேட்டில் நிற்கிறார், இன்றைக்கு மெர்டேக்கா, பொது விடுமுறை. விடுமுறையில் வேலை செய்தால் மாதச் சம்பளத்துக்கு மேல் இரண்டு நாள் சம்பளம், 130.76. 7.5 மணிக்கு மேல் நின்ற 4.5 மணிக்கு மூன்று மடங்கு, மணிக்கு 26.15, ஆக 117.68. மொத்தம் 248.44. ஆகஸ்ட் சம்பளம் செப்டம்பர் 7க்குள் வர வேண்டும். ஏழாம் தேதி அவரிடம் சீட்டைக் காட்டச் சொல்லாதீர்கள். நிர்வாக அலுவலகத்தில் கம்பெனியின் பில்லை வாங்கி, அதில் இந்த நாளுக்கு என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள்.